ஷாக் அடிக்கும் பக்கம்: அப்பத்தா எந்திரிச்சா லைட்டு எரியும்!

போன வாரம் பழைய மொபைல் சார்ஜரைக் கழட்டிப் பார்த்தோம். அதுல எத்தனை பேர் வீட்டுல திட்டு வாங்கினீங்களோ, தெரியலை. இந்த வாரம் திட்டு வாங்கினது நான். திட்டினது எங்க அப்பத்தா.

கதையை முதல்ல இருந்து சொல்லிடறேன். சொந்த ஊர் மானாமதுரை. நான் மதுரையில ஹாஸ்டல்ல தங்கி இ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிறேன். வீட்டுல அப்பா, அம்மா, எழுபத்தெட்டு வயசு அப்பத்தா, அப்புறம் யார் வீட்டுப் பூனைன்னே தெரியாத ஒரு பூனை. போன மார்கழியில ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குப் போக எழுந்த அப்பத்தா, ரெண்டு படி இறங்கவேண்டிய இடத்துல ஒரு படியை விட்டுட்டாங்க. கையை ஊன்றி விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

விழுந்ததைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு உண்டு. விழுந்த பிறகு அரை மணி நேரம் அந்தப் படியிலேயே கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கூப்பிடலை. அப்பா காலையில நாலு மணிக்கு எழுந்து பால் சொசைட்டிக்குப் போகணும், தூக்கம் கெடக்கூடாதாம். லைட் போடாததுக்கும் அதே காரணம். ஹால் டியூப் லைட் அப்பா முகத்துக்கு நேரா எரியும். தண்ணி குடிக்க எழுந்த அம்மாதான் பார்த்து அலறியிருக்காங்க.

லீவுக்கு வந்த நான் அந்தக் கட்டைப் பார்த்தேன். 'மூணு வருஷமா சர்க்யூட் வரையறோம், இதுக்கு ஒண்ணு பண்ண முடியாதா?'ன்னு வீராப்பா கிளம்பிட்டேன். ஐடியா சிம்பிள். அப்பத்தா படுக்கையை விட்டு எழுந்தா, அம்மா ரூம்ல பஸ்ஸர் அடிக்கணும். அதாவது, ஒரு பிரஷர் ஸ்விட்ச்!

பிரஷர் ஸ்விட்ச்னதும் ஏதோ ஃபேக்டரி சமாசாரம்னு நினைக்காதீங்க. உங்க வீட்டு குக்கர் வெயிட்டே அந்த ஜாதிதான். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோவைத் தாண்டினா வெயிட் தூக்கும், விசில் வரும். குறைஞ்சா உட்காரும். கரன்ட்டே இல்லாத ஸ்விட்ச்! வாஷிங் மெஷின்ல தண்ணி எவ்வளவு நிரம்பியிருக்குன்னு எப்படித் தெரியுது? தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு ரப்பர் டியூப் மேலே போகும். தண்ணி ஏற ஏற, டியூப்ல மாட்டின காற்று அழுந்தி, மேலே இருக்கற சவ்வைத் தள்ளும். பழைய மாடல்ல அந்தச் சவ்வு நேரா ஒரு ஸ்விட்சைத் தட்டும். எலெக்ட்ரானிக் பிரஷர் ஸ்விட்ச்ல தட்டற வேலை கிடையாது. அழுத்தத்துக்கு ஏத்தபடி ரெசிஸ்டன்ஸோ வோல்டேஜோ மாறற ஒரு சென்சார், அந்த மாற்றம் ஒரு கோட்டைத் தாண்டிடுச்சான்னு பார்க்கற ஒரு சர்க்யூட். அவ்வளவுதான் மொத்த மேட்டரும்.

சென்சாருக்கு நான் முதல்ல காசே செலவு பண்ணலை. ஐ.சி. வாங்கும்போது கால் வளையாம இருக்க கறுப்பு ஸ்பாஞ்ச்ல குத்திக் கொடுப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? அது வெறும் ஸ்பாஞ்ச் இல்லை. கார்பன் கலந்தது, கரன்ட் கடத்தும். அழுத்தினா உள்ளே இருக்கற கார்பன் துகள்கள் நெருங்கி ரெசிஸ்டன்ஸ் குறையும். 1877-ல எடிசன் டெலிபோனுக்குப் பண்ணின கார்பன் மைக்கும் இதே தத்துவம்தான். பேச்சுச் சத்தம் தகட்டை அழுத்த, தகடு கார்பனை அழுத்த, கரன்ட் ஏறி இறங்கும். கடைக்கார அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு பெரிய துண்டு வாங்கிட்டு வந்தேன். மேலேயும் கீழேயும் சமையலறை அலுமினியம் ஃபாயில், ரெண்டு வயர், சுத்தி செல்லோ டேப். மல்டிமீட்டர் வெச்சா 60 கிலோ ஓம். கையால அழுத்தினா 3 கிலோ ஓம். ஆஹா, வேலை முடிஞ்சது!

முடியலை. ஸ்பாஞ்ச்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு எழுந்து பாருங்க. அது பழைய உயரத்துக்கு வர எவ்வளவு நேரமாகுது? அந்த நேரம் முழுக்க ரெசிஸ்டன்ஸும் மெதுவா, சோம்பேறித்தனமாத்தான் ஏறும். எங்க அம்மாவைப் படுக்கச் சொல்லி டெஸ்ட் பண்ணினப்போ, அவங்க எழுந்து போய் அடுப்புல பால் வெச்சுட்டு வந்த பிறகுதான் மீட்டர் ஒத்துக்கிச்சு. அதுக்குள்ள அப்பத்தா படிக்கே போய்ச் சேர்ந்திருப்பாங்க.

சரின்னு நாலு நாள் கேன்டீன் பக்கம் போகாம காசு சேர்த்து, எஃப்.எஸ்.ஆர். 402ன்னு ஒரு சென்சார் வாங்கினேன். 'ஃபோர்ஸ் சென்ஸிங் ரெசிஸ்டர்'. பார்க்க ஒரு ரூபாய் நாணயத்துக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கும். ரெண்டு பிளாஸ்டிக் தாள். ஒண்ணுல சீப்புப் பல் மாதிரி கோடுகள், இன்னொண்ணுல கார்பன் மை. நடுவுல ஓரத்துல மட்டும் ஒட்டின ஒரு வளையம். அழுத்தாத வரைக்கும் ரெண்டும் தொடாது. அப்போ ரெசிஸ்டன்ஸ் 1 கோடி ஓமுக்கும் மேல. அழுத்த அழுத்த சடார்னு குறையும். எடை ரெண்டு மடங்கானா ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பாதி. எடை மெஷின் பண்ண இது லாயக்கில்லை. ஒரே மாடல்ல ரெண்டு வாங்கினாலும் ரெண்டும் ஒரே அளவு காட்டாது. ஆனா 'இருக்கா, இல்லையா'ன்னு கேட்டா டக்குனு சொல்லும். நமக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை: இதோட வால்ல சால்டரிங் அயர்னை வெச்சுடாதீங்க. பிளாஸ்டிக் உருகிடும். 'சும்மா ரெண்டே செகண்ட்தானே'ன்னு வெச்சேன். நாலு நாள் சாப்பாடு ரெண்டு செகண்ட்ல புகையாப் போச்சு. ரெண்டாவது சென்சாருக்கு ஒழுங்கா கனெக்டர் போட்டேன்.

மனுஷ எடையை நேரடியா இது மேல ஏத்தக்கூடாது. ரெண்டு கிலோ எடைக்கே அது கிட்டத்தட்ட திணறிடும். அதனால ரெண்டு பிளைவுட் பட்டை, நடுவுல சென்சார், அது மேல சைக்கிள் டியூப்ல வெட்டின சின்ன ரப்பர் வட்டம், ஓரங்கள்ல கொஞ்சம் தடிமனா ரப்பர். எடையில பெரும்பங்கை ஓரம் வாங்கிக்கும், மிச்சம் கொஞ்சம்தான் சென்சாருக்கு வரும். இதை இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில வெச்சேன். மெத்தை மட்டும் இருக்கும்போது 30 கிலோ ஓம். அப்பத்தா படுத்தா 3 கிலோ ஓம்.

இப்போ சர்க்யூட். பேனா, பேப்பர் எடுத்துக்கங்க.

5 வோல்ட்ல இருந்து சென்சார், சென்சார்ல இருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கேயிருந்து கிரவுண்ட். ரெண்டும் சேர்ற இடத்துலதான் நமக்கு வேண்டிய வோல்டேஜ். படுத்திருந்தா 5-ஐ 10-ஆல பெருக்கி 13-ஆல வகுத்தா 3.85 வோல்ட். காலியா இருந்தா, 13 இருந்த இடத்துல 40, அதாவது 1.25 வோல்ட். நடுவுல எங்கேயாவது கோடு போட்டா ஆச்சு. அந்தக் கோட்டுக்கு ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போட்டா, நடுவுல 2.5 வோல்ட். ரெண்டையும் ஒப்பிட எல்.எம்.393 கம்பாரேட்டர் ஐ.சி. சென்சார் வோல்டேஜ் மைனஸ் காலுக்கு, 2.5 வோல்ட் பிளஸ் காலுக்கு. படுத்திருந்தா அவுட்புட் லோ. எழுந்தா ஹை.

புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. என் போர்டுல ஹையே வரலை! ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஐ.சி.யை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். மூணு ஐ.சி.யும் 'செத்துப்போச்சு'ன்னு முடிவு பண்ணி, காலையில லேப் அண்ணன்கிட்ட அழாத குறையாக் காட்டினேன். அவர் ஒரே ஒரு ரெசிஸ்டரை எடுத்து அவுட்புட்டுக்கும் 5 வோல்டுக்கும் நடுவுல குத்தினார். உயிர் வந்துடுச்சு! எல்.எம்.393-க்கு அவுட்புட்டைக் கீழே இழுக்க மட்டும்தான் தெரியும், மேலே தள்ளத் தெரியாது. தண்ணித் தொட்டிக்கு அடியில இருக்கற குழாய் மாதிரி. திறந்தா வடியும். மூடினா வடியாது. ஆனா தானா நிரம்பாது, நிரப்ப வேற குழாய் வேணும். அந்த வேற குழாய்தான் இந்த 'புல்-அப்' ரெசிஸ்டர். 1 கிலோ ஓம் போட்டேன். இது டேட்டாஷீட்ல போட்டிருக்கு. படிச்சிருந்தா ராத்திரி தூங்கியிருக்கலாம்.

அவுட்புட்ல இருந்து 4.7 கிலோ ஓம் வழியா பி.சி.547 டிரான்சிஸ்டர், அதுல பஸ்ஸர். மொபைல் சார்ஜர்ல இருந்து 5 வோல்ட். படுக்கைக்குக் கீழே வைக்கற சமாசாரம், அதனால நல்ல கம்பெனி சார்ஜரா பாருங்க. தெருவோரச் சார்ஜரை நம்பி 230 வோல்ட்டோட விளையாட வேண்டாம்.

ஊருக்கு வந்து ஜம்முனு ஃபிட் பண்ணிட்டுப் படுத்தேன்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கச்சேரி ஆரம்பிச்சது. கீ… கீ… கீ… நிறுத்தி நிறுத்தி ஒரு தாளத்தோட அடிக்குது. ஓடிப்போய்ப் பார்த்தா அப்பத்தா நல்ல தூக்கத்துல இருக்காங்க. பக்கவாட்டுல புரண்டு படுத்ததால எடை கொஞ்சம் நகர்ந்து, வோல்டேஜ் சரியா 2.5 பக்கத்துல வந்து நின்னுக்கிச்சு. மூச்சு இழுத்தா கோட்டுக்கு மேலே. விட்டா கோட்டுக்குக் கீழே. பஸ்ஸர் அடிச்சது எங்க அப்பத்தாவோட மூச்சு!

அதுக்குள்ள அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு நாய் எல்லாரும் எழுந்தாச்சு. கடைசியா எழுந்தவங்க அப்பத்தாதான். "என்னத்தா சத்தம் இது?"ன்னாங்க. விளக்கினேன். கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. காலையில பார்த்தா வயரைப் பிடுங்கி, சுருட்டி, பழைய பேப்பர்ல பொதிஞ்சு என் பைக்குள்ள வெச்சிருக்காங்க.

"நான் எந்திரிச்சா ஊருக்கே மணி அடிக்கணுமா? நான் என்ன களவாணியா?"

எனக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு. 'உங்களுக்காகத்தானே'ன்னு ஆரம்பிச்சேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாங்க. அந்த லீவு முழுக்க பிளைவுட் பட்டை என் பையிலேயே கிடந்தது.

கிளம்பற அன்னைக்கு அப்பத்தாவே பேச்சை எடுத்தாங்க. திண்ணையில பாக்கு இடிச்சுக்கிட்டே, "ஏத்தா, நான் எந்திரிக்கிறது அந்தப் பெட்டிக்குத் தெரியும்ல? தெரிஞ்சா எதுக்கு உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லணும்? எனக்கு ஒரு வெளக்கப் போட்டா ஆகாதா?"ன்னாங்க.

நாலு வாரமா சென்சாரைப் பத்தி யோசிச்சேன், கம்பாரேட்டரைப் பத்தி யோசிச்சேன். அவுட்புட்ல என்ன இருக்கணும்னு அஞ்சு நிமிஷம் யோசிக்கலை. அவங்க விழுந்தது அம்மா தூங்கினதால இல்லையே, இருட்டா இருந்ததாலதானே! பஸ்ஸர் அடிச்சு அம்மா எழுந்து ஓடிவர்றதுக்குள்ள அப்பத்தா படியைத் தாண்டியிருப்பாங்க. விழுந்தா கண்டுபிடிச்சு போன் பண்ற வாட்ச் எல்லாம் இப்போ இருக்கு. அது விழுந்ததுக்கு அப்புறம்தானே? அதுவும் அப்பத்தா கையில வளையலைத் தவிர வேற எதையும் ஏத்த மாட்டாங்க.

ஆக, பஸ்ஸரைத் தூக்கிட்டு மூணு வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொண்ணுக்கும் 220 ஓம். ஒண்ணு கட்டில் காலுக்கிட்ட, ஒண்ணு நடை வாசல்ல, ஒண்ணு அந்தப் பாழாப்போன படிக்கு நேரா. எல்லாமே முழங்கால் உயரத்துல, தரையைப் பார்த்து. மூணும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர்கூட இழுக்காது. அப்பா முகத்துல வெளிச்சம் படாது.

மூச்சுக் கச்சேரிக்கு மருந்து, 'ஹிஸ்டெரிஸிஸ்'. பேரைக் கேட்டு பயப்படாதீங்க. ஒரு கோட்டுக்குப் பதிலா ரெண்டு கோடு, அவ்வளவுதான். அவுட்புட்ல இருந்து பிளஸ் காலுக்கு ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க. அவுட்புட் லோவா இருக்கும்போது அது 2.5-ஐக் கொஞ்சம் கீழே இழுத்து 2.3 வோல்ட் பக்கம் கொண்டுபோகும். ஹையா இருந்தா மேலே தூக்கி 2.7 பக்கம். அதாவது லைட் எரியணும்னா வோல்டேஜ் 2.3-க்குக் கீழே இறங்கணும், எரிஞ்ச லைட் அணையணும்னா 2.7-ஐத் தாண்டி ஏறணும். நடுவுல எவ்வளவு மூச்சு விட்டாலும் சர்க்யூட் கண்டுக்காது.

இந்த ஐடியாவுக்குச் சொந்தக்காரர் ஆட்டோ ஷ்மிட்னு ஒரு அமெரிக்கர். அதனாலதான் 'ஷ்மிட் டிரிகர்'னு பேரு. 1934-ல அவர் இதைக் கண்டுபிடிச்சப்போ ஆராய்ச்சி மாணவர், பிறந்தது 1913-ல. கணக்குப் போட்டுக்கங்க, நம்ம வயசுதான்! கணவாய் மீனோட நரம்புல சிக்னல் எப்படிப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர் அவர். நரம்பு சின்னச் சின்னத் தூண்டலுக்கெல்லாம் அசையாது, ஒரு அளவைத் தாண்டினா சட்டுனு முழுசா வேலை செய்யும். அதையே வால்வுல பண்ணிப் பார்த்தார். கணவாய்ல இருந்து எங்க அப்பத்தா கட்டில் வரைக்கும் வந்துடுச்சு பாருங்க!

இதோட ஒரு கெபாசிட்டரும் சேர்த்தேன். 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 220 மைக்ரோஃபாரட். சும்மா புரண்டு படுக்கும்போது ஒரு கணம் எடை விலகினா லைட் எரியக்கூடாது இல்லையா? இது வோல்டேஜை உடனே விழவிடாம சுமார் ஒன்றரை செகண்ட் தாங்கிப் பிடிக்கும்.

பகல்ல கட்டில் காலியாத்தானே இருக்கும், நாள் பூரா எரியுமேன்னு கேட்கறீங்களா? எல்.டி.ஆர். போடலாமா, டைமர் போடலாமான்னு நான் பேப்பரை நிரப்பிக்கிட்டிருந்தேன். "ராத்திரி கொசுவத்தி வைக்கும்போது நானே சுவிட்சைப் போட்டுடறேன்"னு அம்மா சொல்லிட்டாங்க. முடிஞ்சது.

அடுத்த முறை வந்து மாட்டினப்போ இன்னொரு பாடம். சென்சாரை மெத்தைக்கு நடுவுல, இடுப்புக்குக் கீழே வெச்சிருந்தேன். வயசானவங்க சட்டுனு எழுந்து நிக்க மாட்டாங்க. எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாங்க. அவ்வளவு நேரமும் சென்சார் 'படுத்திருக்காங்க'ன்னே நினைச்சுக்கிட்டிருந்தது. நின்னு, ஒரு அடி எடுத்து வெச்ச பிறகுதான் வெளிச்சம். 'தலையணைப் பக்கம் வைத்தா'ன்னு அப்பத்தாவே சொன்னாங்க. தோள்பட்டைக்குக் கீழே நகர்த்தினேன். இப்போ முதுகு மெத்தையை விட்டு நிமிர்ந்ததுமே லைட். கால் தரையைத் தொடும்போது செருப்பு எங்கே கிடக்குன்னு தெரியுது. சர்க்யூட்ல ஒரு வயரைக்கூட மாத்தாம, சென்சாரை ரெண்டு அடி தள்ளி வெச்சதுல கிடைச்ச லாபம் இது.

அப்புறம்தான் பூனை வந்தது.

அப்பத்தா எழுந்து போனதும் அந்த இடம் கதகதப்பா இருக்குமில்ல? பூனை ஏறிச் சுருண்டுக்கும். சரியா தோள்பட்டை இடத்துல! அப்பத்தா பாதி வழியில இருக்கும்போது லைட் அணைஞ்சுடும். முதல் நாள் இதைக் கேட்டப்போ எனக்குச் சிரிப்பு. ரெண்டாவது நிமிஷம் வயித்தைக் கலக்கிடுச்சு. பழகின வெளிச்சம் படிக்கிட்ட வரும்போது பட்டுனு அணையறது, லைட்டே இல்லாததைவிட மோசம். அளந்து பார்த்தா பூனைக்கு 8 கிலோ ஓம். கணக்குப் போட்டா 2.78 வோல்ட். 2.7-ஐ ஒரு மயிரிழையில தாண்டுது.

10 கிலோ ஓமை எடுத்துட்டு 22 கிலோ ஓம் ப்ரீசெட் போட்டு 4.7-க்குத் திருகினேன். இப்போ அப்பத்தாவுக்கு 3.05 வோல்ட், பூனைக்கு 1.85 வோல்ட். பூனை அவுட்! ஆனா எலெக்ட்ரானிக்ஸ்ல எதுவும் இலவசமா கிடைக்காதே. ரெசிஸ்டன்ஸ் குறைஞ்சதால கெபாசிட்டரும் சீக்கிரம் காலியாகி, அந்த ஒன்றரை செகண்ட் அரை செகண்டுக்கும் கீழே போயிடுச்சு. புரண்டு படுத்தாலே லைட் மின்னுது. 220-ஐ எடுத்துட்டு 1000 மைக்ரோஃபாரட் போட்ட பிறகு பழையபடி ஆச்சு. உங்க வீட்டுல கட்டற ஆளா இருந்தா இந்த நம்பர்களை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க மெத்தை வேற, உங்க தாத்தா வேற, உங்க பூனை வேற. மல்டிமீட்டரை வெச்சு அளந்துட்டு ப்ரீசெட்டைத் திருகுங்க.

'இதுக்குப் போய் இவ்வளவு பாடா? ஒரு ஆர்டுயினோவைப் போட்டு பத்து வரி புரோகிராம் எழுதினா பூனை, மூச்சு எல்லாம் சாஃப்ட்வேர்ல போயிடுமே'ன்னு எங்க கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். வாஸ்தவம்தான். ஆனா எங்க ஊர்ல இது ரிப்பேர் ஆச்சுன்னா பார்க்கப்போறது ரேடியோ கடை அண்ணன். அவருக்கு எல்.எம்.393 தெரியும்.

பஸ்ஸரை முழுசா விட்டுட்டோமான்னா, அதுதான் இல்லை. அந்த அரை மணி நேரம், படியில கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த அரை மணி நேரம், என்னால விட முடியலை. அப்பத்தாகிட்ட பேரம் பேசினேன். "அஞ்சு நிமிஷத்துல நீங்க திரும்பி வரலைன்னா மட்டும் அம்மாவுக்கு மணி அடிக்கும்." முடியாதுன்னுட்டாங்க. தூக்கம் வராத ராத்திரியில திண்ணையில போய் உட்காருவாங்களாம். அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வீட்டுல யாருக்குமே தெரியாது.

கால் மணி நேரத்துல சம்மதிச்சாங்க. சி.டி.4060ன்னு ஒரு கவுண்ட்டர் ஐ.சி. 470 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டா, அது 8192 வரைக்கும் எண்ணி முடிக்க, கணக்குப்படி 14 நிமிஷம் 46 செகண்ட். எல்.எம்.393-க்குள்ள ரெண்டு கம்பாரேட்டர் இருக்கு, சும்மா கிடந்த ரெண்டாவதை வெச்சு, அப்பத்தா படுத்ததும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போற மாதிரி பண்ணினேன். கூடவே திண்ணைக் கதவோரம் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதைத் தட்டினா எண்ணிக்கை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். 'நான் நல்லாத்தான் இருக்கேன், சும்மா உட்கார்ந்திருக்கேன்'னு அர்த்தம். அந்த சுவிட்ச் வெச்ச பிறகுதான் பிளைவுட் பட்டையைத் திரும்ப மெத்தைக்கு அடியில வைக்க விட்டாங்க.

இதுவரைக்கும் பஸ்ஸர் ஒரே ஒரு தடவை அடிச்சிருக்கு. அம்மா புடவை தடுக்க ஓடிப்போய்ப் பார்த்தா, அப்பத்தா திண்ணையில உட்கார்ந்து நிலா வெளிச்சத்துல புளியங்கொட்டை எடுத்துக்கிட்டிருக்காங்க. சுவிட்ச்சைத் தட்ட மறந்துபோச்சாம். அம்மாவும் பக்கத்துல உட்கார்ந்து மிச்சப் புளியை முடிச்சுட்டுத்தான் படுத்தாங்களாம்.

மிச்சம் இருக்கறது ஒரு பிரச்னை. கரன்ட் போனா? இருட்டு வர்ற நேரத்துல நம்ம லைட்டும் சேர்ந்து போயிடும்! பவர் பேங்க்ல மாட்டிடலாம்னு பெருமையா மாட்டினேன். அரை நிமிஷத்துல அதுவே ஆஃப் ஆயிடுச்சு. அப்பத்தா படுத்திருக்கும்போது நம்ம சர்க்யூட் இழுக்கறது சுமார் 7 மில்லி ஆம்பியர்தான். இவ்வளவு கம்மியா இழுத்தா நிறைய பவர் பேங்க், 'போன் சார்ஜ் ஏறிடுச்சு போல'ன்னு நினைச்சு தூங்கப் போயிடும். அதை எப்படி முழிக்க வைக்கறது, இல்லேன்னா சாதா பேட்டரியை எப்படிச் சேர்க்கறதுன்னு அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும் அப்பத்தா தலைமாட்டுல ஒரு டார்ச் லைட் இருக்கு. அதையும் பூனை ஒரு தடவை தள்ளிவிட்டுடுச்சு!